மாப்பிள்ளைத் தட்டம்

என் வாப்பாவுக்கு அவருடைய அறுபத்தாறாவது வயதில் நாங்கள் கலியாணம் செய்து வைத்தோம். நாங்கள் என்றால் நானும் ஸஹ்றா ராத்தாவும். அவர் பெற்ற பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். கலியாணத்துக்குப் பலகாரம் செய்தவள் நான். ஒன்பது வகை செய்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பொத்துவிலில் பெண் வீட்டார் மஸ்கட் அல்வாவைத் தின்றுவிட்டு, கல்முனைப் பக்கத்தில் இப்படி ஒரு கை இருக்கிறதா என்று கேட்டார்களாம். அந்தக் கையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தால் என்ன என்று எனக்கு இருந்தது.

பலகாரம் எங்களுக்குப் பிழைப்பு. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீட்டுக்கும் போகும். தொடங்கியவர் உம்மா. ஆனால் உம்மா ஊரை விட்டு வெளியே போய் யாரிடமும் படித்தவர் இல்லை. அவருக்கு ஊர் ஊராகப் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் வாப்பா.

வாப்பா றவூப் முப்பது வருடம் அரிசி லொறி ஓட்டினார். பேருவளையில் மூட்டை இறக்கினால் மஸ்கட் வரும். அம்பாந்தோட்டைக்குப் போனால் மலாய்க்காரர் கிண்டிய தொதல் வரும். சித்திரை மாதம் கண்டிப் பக்கம் போனால் கொண்டைப் பணியாரம். யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு பயற்றம் பணியாரமும் எள்ளுப்பாகும் வந்தன. ஒருமுறை சென்னைக்குப் போய் வந்த யாரோ கொழும்பில் வைத்துக் கொடுத்த மைசூர்பாகு இரண்டு துண்டை, தான் தின்னாமல் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். வந்து சேர்ந்தபோது அது தூளாகிப் போயிருந்தது. உம்மா அந்தத் தூளை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இது கடலை மா, நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறார்கள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மைசூர்பாகு இருந்தது.

லொறியால் இறங்கினால் வாப்பா முன்வாசலால் வரமாட்டார். வளவைச் சுற்றிப் பின்பக்கத்தால் நேரே குசினிக்குள் போவார். அடுப்புக்கு அருகில் அவருக்கென்று ஒரு பலகைக்கட்டை கிடந்தது. அதில் குந்திக்கொண்டு பொட்டலத்தை அவிழ்ப்பார். இரண்டு பேரும் ஒரே கோப்பையில் போட்டுப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டு, நீயா நானா என்று சண்டை பிடிப்பார்கள். அம்பாந்தோட்டைத் தொதல் எங்கள் வீட்டுத் தொதலை விட ஒரு பிடி மேல் என்று வாப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டால் உம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டார். மூன்றாம் நாள் தாச்சியை அடுப்பில் ஏற்றி, கிண்டும் துடுப்பை வாப்பாவின் கையில் கொடுப்பார். தொதல் கிண்டுவது லேசான வேலை இல்லை. தேங்காய்ப் பாலும் மாவும் சக்கரையும் இறுகி, எண்ணெய் கக்கி, தாச்சியை விட்டு உருண்டு வருகிற மட்டும் மூன்று மணித்தியாலம் கை நிற்கக்கூடாது. வாப்பா கிண்டுவார். உம்மா பக்கத்தில் இருந்து குறை சொல்லுவார். கடைசியில் தாச்சியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி உம்மா வாப்பாவின் உள்ளங்கையில் வைப்பார். வெட்டி அடுக்கிய நல்ல துண்டுகளை அவர் தொடுவதே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கே பெண் கலியாணம் முடித்து எங்கேயும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். புது மாப்பிள்ளைக்கு முதல் நாற்பது நாளும் மாப்பிள்ளைத் தட்டம் வைப்பார்கள். அவரை ஹோலில் இருத்தி, தட்டத்தில் ஐந்தாறு வகைப் பலகாரம் அடுக்கி, பூவேலை செய்த துணியால் மூடிக் கொண்டுபோய் வைப்பது. அவர் ஒன்றை எடுத்துப் பாதி கடித்துவிட்டு போதும் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு பசித்தாலும் அதற்கு மேல் எடுக்கமாட்டார். என் மனுசன் இன்பாஸ் அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் பாதிப் பாதி கடித்துவிட்டு, பசாரில் கடைக்குப் போய்க் கொத்துரொட்டி தின்றவர். தட்டம் மரியாதைதான். ஆனால் தட்டம் வைக்கிற வரைக்கும் அவர் அந்த வீட்டுக்கு வந்த ஆள். தட்டம் நின்ற பிறகுதான் அவர் வீட்டு ஆள்.

வாப்பா உம்மாவைக் கலியாணம் முடித்து வந்தபோது ஒன்பது நாளில் தட்டத்தை வேண்டாம் என்றவர். பத்தாம் நாள் எழும்பிக் குசினிக்குள் வந்து, மாமியின் கையிலிருந்த துடுப்பை வாங்கித் தொதல் கிண்டத் தொடங்கிவிட்டாராம். ஊரே சிரித்ததாம். உம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் வெட்கப்படுவார்.

அவர் இரண்டு வீடு கட்டினார். ஒன்று ராத்தாவுக்கு, ஒன்று எனக்கு. இரண்டுக்கும் கல் அறுத்து, சீமெந்து குழைத்து, லொறி நிற்கிற நாளெல்லாம் மேசனோடு நின்று உழைத்தவர். தனக்கென்று ஒன்று கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளைதான் கட்டினான்? உம்மாவும் அவரும் என்னோடு இருந்தார்கள். உம்மா இருந்த காலத்தில் இது யாருடைய வீடு என்ற கேள்வியே எழும்பவில்லை.

போன மாரி தொடங்கிய கிழமை உம்மா மௌத்தானார். லுஹருக்கு வுழூ செய்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். இன்பாஸ் ஓட்டோ பிடித்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுப்பில் வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது. அதை யார் இறக்கினார்கள், யார் தின்றார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழு நாளும் வீடு நிறைய ஆட்கள். ஆம்பிளைகள் ஹோலில், பெண்கள் உள்ளே. வாப்பா ஹோலில் வந்தவர்களோடு இருந்தார். நான் அவருக்கும் அங்கேயே தேத்தண்ணியும் சாப்பாடும் அனுப்பினேன். ஏழாம் நாளோடு ஆட்கள் போய்விட்டார்கள். எட்டாம் நாளும் நான் வாப்பாவுக்கு ஹோலில்தான் சாப்பாடு வைத்தேன்.

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். நான் நினைத்தது இதுதான்: தாய் இல்லாத வீட்டில் வாப்பாவைக் குசினியில் பலகைக்கட்டையில் குந்த வைத்துச் சோறு போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள்? உம்மாவின் கண் மூடினதும் மகள் வாப்பாவைக் குசினியில் தள்ளிவிட்டாள் என்பார்கள். இன்பாஸ் மேசையில் சாப்பிட, வாப்பா கீழே இருப்பதா? அதனால் மேசையில் விரிப்புப் போட்டு, நல்ல பீங்கான் எடுத்து, சோற்றை மூடி வைத்தேன். தேத்தண்ணியோடு சின்னத் தட்டில் பலகாரம் இரண்டு துண்டு, சதுரமாக வெட்டி. அதையும் ஒரு துணியால் மூடினேன், இலையான் மொய்க்காமல் இருக்க.

ஒரு நாள் நான் மஸ்கட்டுக்குக் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வாப்பா பின்பக்கத்தால் வந்து பலகைக்கட்டையில் இருக்கப் போனார். நான் பதறி எழும்பினேன்.

"நீங்க ஏன் வாப்பா இஞ்ச வாறீங்க? பொகையா இரிக்கி. ஹோலில இரிங்க, நான் கொண்டாறன்."

அவர் அரைவாசி குந்தியவர் அப்படியே எழும்பினார். ஓம் மகள் என்றுவிட்டுப் போனார். தொதல் கிண்டவும் நான் அவரை விடவில்லை. வயது போன கை, நோகும் என்று பக்கத்து வளவுப் பெண் ஒருத்தியைக் கூலிக்குப் பிடித்தேன். எல்லாம் பாசம்தான். பாசத்தில் செய்த அநியாயத்துக்கு யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்க?

அதற்குப் பிறகு வாப்பா பின்பக்கத்தால் வருவதை நிறுத்திக்கொண்டார். முன் கேட்டில் நின்று ஸலாம் சொல்லி, யாராவது பதில் சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். தான் சீமெந்து குழைத்துக் கட்டிய வீட்டுக்கு! நான் அதையும் பிழையாக விளங்கினேன். உம்மா போன கவலையில் மனுசன் மார்க்கத்தில் இறங்கிவிட்டார் என்று பெருமையாக ராத்தாவிடம் சொன்னேன். தட்டில் வைத்த இரண்டு துண்டில் ஒன்றைப் பாதி கடித்து வைத்துவிட்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அவருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டதோ என்று பயந்து இரத்தம் சோதிக்கவும் கூட்டிப்போனேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னார்கள்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ராத்தாவும் அவள் மனுசன் முர்ஷித் மச்சானும் வந்தார்கள். ராத்தா நேரே குசினிக்கு வந்து என் காதில் சொன்னாள். பொத்துவிலில் றாபியா என்று ஒரு பெண், ஐம்பத்தைந்து வயது, மனுசன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தமாக ஒரு கல்வீடு. முர்ஷித் மச்சானுக்குத் தெரிந்த குடும்பம். வாப்பாவுக்குப் பேசிப் பார்த்தால் என்ன?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மாவின் கபுறடியில் நட்ட செடி இன்னும் வேர் பிடிக்கவில்லை, இதற்குள்ளேயா என்றேன்.

"வாப்பா தனிச்சிப் போயிட்டாரு நபீலா. பள்ளியே கெதி எண்டு கெடக்காரு. ஆம்புளைக்கு ஒரு ஊடு வேணும்" என்றாள் ராத்தா.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாப்பாவின் முகத்தை நானும் நாள்தோறும் பார்க்கிறேன்தானே. வெளியே ஹோலில் மச்சான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் நின்றேன். வாப்பா உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு நூற்றுக்கு நூறு நம்பிக்கை. நாற்பது வருடம் ஒரே கோப்பையில் தின்ற மனுசன். அவர் சொன்னதும் நான் வெளியே வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு, மச்சானை நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாயைத் தயாராக்கி வைத்திருந்தேன்.

வாப்பா குனிந்து இருந்தார். பிறகு தலையை நிமிர்த்திக் குசினி வாசல் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒங்கட விருப்பம்" என்றார்.

ராத்தா என் பக்கம் திரும்பினாள். நீ என்ன சொல்கிறாய் என்று உரக்கவே கேட்டாள். சரி, மனுசனுக்கு ஆசை இருக்கிறது. ஆசைப்படுகிறவரைத் தடுக்க நான் யார்? உம்மாவை மறந்துவிட்டார், மறக்கட்டும். அந்தக் கோபத்தில் சீலைக்கு உள்ளே நின்றே சொன்னேன்.

"வாப்பாக்கு விருப்பமெண்டா எனக்கென்ன."

அவ்வளவுதான். ஒரு மனுசனின் மிச்ச ஆயுளை அவ்வளவு சுருக்கமாக முடித்து வைத்தேன்.

கலியாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளை வீட்டார் பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்பதால் நான் ஓடர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குசினியில் இறங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாக வேலை செய்யும். வாப்பா எந்தெந்த ஊரிலிருந்து எதையெதைக் கொண்டுவந்தாரோ அத்தனையும் செய்வது என்று முடிவெடுத்தேன். பேருவளை மஸ்கட், யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரம், எள்ளுப்பாகு, கொண்டைப் பணியாரம், மைசூர்பாகு எல்லாம். தின்னும்போது உம்மாவின் நினைவு வரட்டும், வந்து உறுத்தட்டும் என்றுதான். அவ்வளவு கெட்ட மனசோடு யாரும் கலியாணப் பலகாரம் செய்திருக்கமாட்டார்கள்.

கடைசி நாள் தொதல். கூலிக்கு வருகிறவள் காய்ச்சல் என்று வரவில்லை. நானே கிண்டினேன். ஒரு மணித்தியாலத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அப்போது வாப்பா குசினி வாசலில் வந்து நின்றார். சீலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த துடுப்பைத்தான் பார்த்தார். நான் அழுது முகம் வீங்கியிருந்தேன். அதை அவர் கண்டுவிடக் கூடாதே என்று பகிடி விட்டேன்.

"புது மாப்புள குசினிக்க வரப்படா. போய் ஹோலில இரிங்க, தட்டம் வரும்."

அவர் சிரித்தார். நான் அதைச் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். சீலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

போகிற நாள் ஒரு சின்ன பேக்கில் மூன்று சாரனும் நாலு சேட்டும் எடுத்துக்கொண்டார். வேறு ஒன்றும் எடுக்கவில்லை. வானில் பின் சீற்றில் பலகாரப் பெட்டிகளுக்கு நடுவில் அவரை இருத்தினோம். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் நான் பொத்துவிலுக்குப் போகவில்லை. ராத்தா போய் வந்தாள். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். சுகமா மகள் என்று கேட்பார், சுகம் என்பேன். அவரும் சுகம் என்பார். அதோடு நிற்கும். நான் மனதுக்குள் பொருமுவேன். புதுப் பெண்சாதியோடு நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தப் பலகைக்கட்டையைத் தூக்கி எறிய இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் அதே இடத்தில் வைத்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை இன்பாஸ், உனக்குக் கோபம் பெரிதா வாப்பா பெரிதா என்று கேட்டு, காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் தாண்டி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வழி நெடுக, என்னென்ன சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வீடு கடலுக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. கேட்டில் நின்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. வளவைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வாப்பா நிலத்தில் ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்தார். சேட் இல்லை, சாரனை மடித்துக் கட்டியிருந்தார். அடுப்பில் தாச்சி. அவர் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெலிந்த ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டு, அடி பிடிக்கிறது, வேகமாகக் கிண்டுங்கள் என்று ஏசிக்கொண்டிருந்தார். வாப்பா சிரித்துக்கொண்டு ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் உம்மாவின் இடத்தில் இன்னொருத்தி. எனக்கு அந்தத் தாச்சியைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

என்னைக் கண்டதும் வாப்பாவின் முகம் மலர்ந்தது. எழும்ப முடியாது, கை நிற்கக்கூடாது. வா மகள், இரு மகள், இன்னும் கால் மணித்தியாலம் என்றார். றாபியா மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அந்தப் பெண்ணில் குறை கண்டுபிடிக்க நான் வந்த நேரத்திலிருந்து முயற்சி செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சியம்பலாண்டுவைப் பக்கத்திலிருந்து வருகிற கித்துள் பனைப் பாணியை ஊற்றித்தான் இங்கே கிண்டுவதாகச் சொன்னார். அது எங்கள் தொதலை விட இளகலாக, கறுப்பாக இருந்தது. உங்கள் வாப்பா முதல் தடவை தின்றுவிட்டு, இது அம்பாந்தோட்டைக்கு ஒரு பிடி மேல் என்று சொன்னார் என்றார். எனக்குச் சுருக்கென்று குத்தியது.

தொதலை இறக்கிவிட்டு, ஊர்த் தயிர் வாங்கி வருவதாக வாப்பா கடைக்குப் போனார். நான் மாமியிடம் வேண்டுமென்றே கேட்டேன், எங்கள் வாப்பாவை இப்படிக் குசினியில் வைத்து வேலை வாங்குகிறீர்களே, புது மாப்பிள்ளைக்குத் தட்டம் வைப்பதில்லையா என்று. அவருக்கு என் குத்தல் விளங்கவில்லை. நேராகவே பதில் சொன்னார்.

"மொதல் நாள் வெச்சன் மகள். மூடின துணியக்கூட எடுக்கல்ல. எழும்பிக் குசினிக்க வந்திட்டாரு. நான் வேணா, ஹோலில இரிங்க எண்டன். என்ன மட்டும் ஹோலில இருத்தாதகா எண்டு சொல்லிப்போட்டு அழுதாரு. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல."

எனக்கு விளங்கியது. ஒரேயடியாக எல்லாம் விளங்கியது. மூடி வைத்த சோறு, துணி போட்ட தட்டு, சதுரமாக வெட்டிய இரண்டு துண்டு, நான் விட்ட அந்தப் பகிடி. எட்டு மாதம் நான் என் வாப்பாவுக்குத் தட்டம் வைத்திருக்கிறேன். நாற்பது நாளில் நிற்க வேண்டிய தட்டத்தை, நாற்பது வருடம் கழித்து மறுபடி தொடங்கி வைத்திருக்கிறேன். வந்த ஆள், வந்த வழியே போக வேண்டியதுதானே என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வாப்பா தயிர்ச் சட்டியோடு வந்தார். நான் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சண்டைக்கென்று சேர்த்து வைத்த சொல் ஒன்றும் வாயில் இல்லை. மரியாதைக்குத்தானே வாப்பா வைத்தேன் என்று மட்டும் கேட்டேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் தயிர்ச் சட்டியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

"தெரியும் மகள். பொறகுதான் வெளங்கிச்சு. அண்டைக்கு வெளங்கல்ல. உம்மாட ஏழாம் நாளோட வந்த ஆக்களெல்லாம் போயிட்டாங்க. நான் மட்டும் ஹோலில மிஞ்சிப் போயிட்டன் எண்டு நெனச்சன்."

"அப்ப முர்ஷித் மச்சான் வந்து கேட்ட நேரம் வேணா எண்டு சொல்லியிரிக்கலாமே."

"நீ சீலைக்கு அங்கால நிண்டாய். ஒண்ட கால் தெரிஞ்சிச்சு. வெளிய வந்து, எங்கட வாப்பா எங்கயும் போகத் தேவல்ல எண்டு சொல்லுவாய் எண்டு பாத்தன்."

"நீங்க சொல்லுவீங்க எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டன் வாப்பா."

"நான் எப்பிடிச் சொல்ற? ஊடு ஒண்ட பேரில."

"கட்டினது நீங்க."

"கட்டினது நான்தான். ஊடு ஒண்ட மகள்."

நான் வாய்விட்டு அழுதேன். அடுத்த வளவில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது சொல்கிறேன், வாருங்கள் என்றேன். இப்போதே வாருங்கள், பேக்கை எடுங்கள், உங்கள் பலகைக்கட்டையை நான் எறியவில்லை, குசினியிலேயே இருங்கள், தொதலை நீங்களே கிண்டுங்கள், தட்டத்தை நான் உடைத்து எறிகிறேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டேன்.

வாப்பா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். றாபியா மாமி இறக்கி வைத்த தாச்சியின் சூடு ஆறட்டும் என்று வாசலில் நின்று ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அவட மொதல் மனுசன் கடலுக்குப் போனவரு, திரும்பி வரல்ல" என்றார் வாப்பா. "மையத்தும் கெடைக்கல்ல. ஒம்பது வருஷம் இந்த வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ. நான் கடைக்குப் போனாலும் கேட்டடியில வந்து நிப்பா. நானும் போனா அவ என்ன மகள் செய்ற?"

நான் பிடித்திருந்த கையை விட்டேன்.

"ரெண்டு மாசத்துக்கு முந்திக் கேட்டிருந்தா செருப்பும் போடாம வந்திருப்பன்" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். உம்மாவின் ஜனாஸாவைத் தூக்கும்போதுகூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை.

அஸர் தொழுதுவிட்டு என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். றாபியா மாமியும் கேட் வரைக்கும் வந்தார். தொதலை ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். பஸ் வர நேரமானது. வாப்பா பஸ் ஹோல்ட்டில் என் பக்கத்தில் நின்றார். அரிசி லொறி இந்த வழியால் எத்தனை தரம் ஓட்டினேன் என்றார், கோமாரிக்கு அங்கால் பாதையில் யானை நிற்கும், கவனம் என்றார். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீற்றில் இருந்தேன். பஸ் எடுத்ததும் திரும்பிப் பார்த்தேன். வாப்பா கை காட்டினார். பிறகு ஒழுங்கைக்குள் கொஞ்சம் அவசரமாக நடந்தார்.

கோமாரி தாண்டியதும் இன்பாஸ் போன் எடுத்தார். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாயா, நான் ஸ்டேண்டில் வந்து நிற்கவா என்று கேட்டார். நான் தனியாகத்தான் வருகிறேன் என்றேன்.

"ஏன், வரச் சொல்லிக் கேக்கல்லயா?"

"கேட்டன். ரெண்டு மாசம் பிந்திக் கேட்டன்."

இன்பாஸ் போனை வைக்கவில்லை. அக்கரைப்பற்று வருகிற மட்டும் நான் அழுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்.